தலைவர் மாறியாச்சு, கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வருமா?

ஊராட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் குழாயடியில் இரண்டே பேச்சுதான். "இவராவது நமக்குச் செய்வாரு" என்பது ஒன்று. "போட்ட காசை எடுக்கத்தானே பார்ப்பாரு" என்பது இன்னொன்று. ஒரே ஆள் வாயிலிருந்தே இரண்டும் வருவதைக் கேட்கலாம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து வருஷமும் இதையே திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தால் நம்பிக்கைக்கும் பிடிமானம் கிடைக்காது, சந்தேகமும் தீராது. புதுத் தலைவரை முதல் ஓராண்டில் எந்தெந்த இடத்தில் உரசிப் பார்ப்பது, எங்கே தோள் கொடுப்பது என்பது ஊராட்சி வேலைகளோடு நெடுநாள் பழகியவர்களுக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியைப் பற்றி.

தலைவரே இல்லாவிட்டால் ஊர் எப்படி இருக்கும் என்று நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் பழைய பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. அடுத்த தலைவர்கள் பதவியேற்றது 2020 ஜனவரியில். அவர்கள் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிய, 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்கள் தவிர மற்ற ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் ஒன்றிய அலுவலகத்து வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி இருந்தாலும் அத்தனைக்கும் அவர் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மோட்டார் எரிந்த அன்று காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று "தலைவரே" என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதற்கு ஈடாக எந்த அலுவலகமும் ஆகாது. சுமாரான தலைவராக இருந்தாலும், அவர் நம் தெருவில் நடந்து போகிறார், நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறார். அந்த முகதாட்சண்யம் ஊருக்கு ஒரு பெரிய பலம்.

சந்தேகத்துக்கு வருவோம். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். மாத மதிப்பூதியம் 1,000 ரூபாயாக இருந்து, பிறகு 2,000 ரூபாய் ஆனது. மாதம் 2,000 என்றே வைத்தாலும் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய். இந்த வரவை நம்பி லட்சக்கணக்கில் ஓட்டுக்குக் கொடுத்தும், கறிச்சோறு போட்டும், கோயில் மண்டபத்துக்கு எழுதிக் கொடுத்தும் ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், மிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்பது தப்பில்லை. பதவியை ஏலம் விட்டு, அதிகம் கேட்டவரைப் போட்டியில்லாமல் தலைவராக்கிய ஊர்களும் உண்டு. தேர்தல் ஆணையம் எச்சரித்தும் அந்தச் செய்திகள் நிற்கவில்லை. "கோயிலுக்குத்தானே கொடுத்தார்" என்று அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். ஏலத்தில் எடுத்தவர் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வந்தவரில்லை. எதற்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை இருப்பதாக அவர் நினைக்க மாட்டார். நம் கணக்கில், ஓட்டுக்குக் காசு கொடுத்தவரைவிட ஏலத்தில் எடுத்தவரிடம் வேலை வாங்குவது கடினம்.

போட்ட காசு திரும்பும் வழி பெரும்பாலும் பெரிய திட்டங்களில் இல்லை. அவற்றுக்கு டெண்டர், எஸ்டிமேட், ஓவர்சியரின் அளவுப் புத்தகம் என்று பல கண்கள் உண்டு. கசிவது சின்னச் செலவுகளில்தான்: மோட்டார் காயில் கட்டியது, பைப்லைன் உடைப்புக்கு சாமான் வாங்கியது, பிளீச்சிங் பவுடர் மூட்டை, தெருவிளக்கு, வாய்க்கால் தூர் வாரியது. ஒவ்வொன்றும் சில ஆயிரம். பொருள் கரைந்துவிடும் அல்லது மண்ணுக்குள் போய்விடும்; ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே முதல் யோசனை: உங்கள் தெருவில் படித்த பிள்ளை ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த மோட்டார் எந்தத் தேதியில் நின்றது, எந்தத் தேதியில் ஓடியது, எங்கே குழாய் உடைந்தது, எத்தனை விளக்கு மாற்றினார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வருஷக் கடைசியில் ஊராட்சிக் கணக்கில் ஒரே மோட்டாருக்கு நான்கு முறை காயில் கட்டியதாக இருந்து, உங்கள் நோட்டில் ஒரு முறைதான் இருந்தால், பேச வேண்டியதை அந்த நோட்டே பேசிவிடும். நேர்மையான தலைவருக்கும் அந்த நோட்டு ஒரு காப்பு.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, பேருந்து நேரம், பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்: இவற்றில் எதுவும் ஊராட்சித் தலைவர் கையில் இல்லை. அவர் பரிந்துரைக்கலாம், கூட வரலாம், அவ்வளவே. குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால், ஊருக்குள் இருக்கும் சாலை, குப்பை, சுடுகாட்டுப் பாதை, வீட்டு வரி, கட்டட அனுமதி ஆகியவைதான் அவர் வட்டம். பட்டா கிடைக்கவில்லை என்று தலைவரைத் திட்டுகிற ஊரில், தண்ணீர் வராததற்கு அவரைக் கேட்பவர் குரல் அமுங்கிப் போகிறது. இதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பணத்துக்கும் எல்லை உண்டு. வீட்டு வரி வசூல் மிகச் சிறியது. பெரும்பகுதி மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும்தான். 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் மத்திய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டிப்போட்டு வந்தது. அதை எடுத்து ஊர் வாசலில் அலங்கார வளைவு கட்ட முடியாது. இந்த விவரம் தெரியாமல் "வந்த பணத்தையெல்லாம் என்ன செய்தாய்?" என்று கேட்டால் தலைவர் சுலபமாக நழுவிவிடுவார். "குடிநீருக்கென்று வந்ததில் எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அதில் நழுவ இடமில்லை.

பதவியேற்ற கையோடு கவனிக்க வேண்டியது துணைத்தலைவர் தேர்தல். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் ஒப்புதலும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் 'செக் பவர்' என்கிறார்கள். தலைவர் ஓர் அணி, துணைத்தலைவர் எதிரணி என்று அமைந்துவிட்டால் முதலில் நிற்பது தூய்மைக் காவலர் சம்பளமும் டேங்க் ஆபரேட்டர் சம்பளமும்தான். ஒருவர் தப்பு செய்யாமல் இருக்க இன்னொருவர் கையெழுத்து என்று ஏற்படுத்தியதைப் பங்கு கேட்கும் கருவியாக மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி முடங்கினால் ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி ஆட்சியர் தலையிட்டு வேறொருவருக்கு அந்தப் பொறுப்பைத் தரலாம். அதுவரை போக விடாதீர்கள். இரண்டு மாதம் சம்பளம் நின்றதுமே உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள்: எந்தத் தேதியில் எந்த பில் கூட்டத்தில் வந்தது, யார் ஒப்பவில்லை, என்ன காரணம் எழுதினார்? காரணம் எழுத்தில் இல்லையென்றால் அது பங்குச் சண்டை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஊராட்சிச் செயலரை மறந்துவிடாதீர்கள். ஊர் வழக்கில் கிளார்க். தலைவர்கள் வருவார்கள், போவார்கள், பதிவேடுகள் அவரிடம். புதுத் தலைவருக்கு முதல் ஆறு மாதம் அவர் சொன்னதுதான் சட்டம். நல்ல செயலர் அமைந்தால் அனுபவமில்லாத தலைவர்கூடத் தேறிவிடுவார். பதவியேற்றதும் தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை பதிவேடுகளைக் கணக்குப் பார்த்து வாங்குவது: ரொக்கப் புத்தகம், வங்கி இருப்பு, சொத்துப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வரி நிலுவை. அப்போது குடோனில் எத்தனை விளக்கு, எத்தனை மீட்டர் பைப், பழைய மோட்டார் எத்தனை என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணாமல் வாங்கினால், முன்னவர் காலத்தில் காணாமல் போனதும் இவர் தலையில் விடியும். புதுத் தலைவர் மீது நம்பிக்கை வைத்திருப்பவர்கள் மாலை போடுவதற்கு முன்னால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். தலைவரை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது. ஒவ்வொரு நாளும் தெரியும், பொய் சொல்ல முடியாது.

பதவியேற்ற வாரத்திலேயே ஒரு அளவு எடுங்கள். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெரு, நடுத்தெரு, கடைசித் தெரு மூன்றிலும் ஒரே நாள் ஒரே முறையில் 15 லிட்டர் குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதல் தெருவில் ஒரு நிமிடம், கடைசியில் எட்டு நிமிடம் என்று வந்தால் கோளாறு தண்ணீர் இல்லாததில் இல்லை, பங்கீட்டில்தான்.

பிறகு கணக்கு. வீட்டுக் குழாய்த் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. 1,200 பேர் இருக்கும் குக்கிராமத்துக்கு 66,000 லிட்டர். தொட்டி 30,000 லிட்டர் என்றால் நாளைக்கு இரண்டு முறை முழுசாக நிரப்பினாலும் கொஞ்சம் பற்றாது. நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் மோட்டார் ஒரு முறை நிரப்ப 3 மணி 20 நிமிடம் எடுக்கும்; இரண்டு முறைக்கு 6 மணி 40 நிமிடம். மும்முனை மின்சாரம் அவ்வளவு நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? இல்லையென்றால் புதுத் தொட்டி கேட்பதில் பயனில்லை; மோட்டாரும் மின்சாரமும் சரியாக வேண்டும். "இன்னொரு டேங்க் கட்டித் தருகிறேன்" என்பது தேர்தலில் கைதட்டல் வாங்கும் வாக்குறுதி. நிரப்ப வழியில்லாமல் வெயிலில் காயும் தொட்டிகளைப் பல ஊர்களில் காணலாம்.

கடைசித் தெருவுக்கு வராமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் நாலைந்துதான். தெருத்தெருவாக கேட் வால்வை மாற்றித் திறக்க வேண்டியவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டுப் போய்விடுவது முதலாவது. வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடப்பது அடுத்தது. வீட்டுக் குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது மூன்றாவது; நடுத்தெருவில் பத்து வீட்டில் அப்படி வைத்தால் கடைசித் தெருவில் காற்றுதான் வரும். சிலர் அரை இஞ்சுக்குப் பதில் பெரிய குழாய் போட்டிருப்பார்கள். முதல் இரண்டையும் தலைவர் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம், செலவும் குறைவு. மோட்டாரைப் பறிமுதல் செய்வதும் பெரிய குழாயை வெட்டுவதும்தான் உண்மையான சோதனை. தனக்கு ஓட்டுப் போட்டவர் வீட்டு மோட்டாரைக் கழற்றுகிறாரா? கழற்றினால் அந்தத் தலைவரை நம்பலாம். எதிரணி வீட்டு மோட்டாரை மட்டும் கழற்றினால், அடுத்த ஐந்து வருஷம் எப்படிப் போகும் என்று அன்றே தெரிந்துவிடும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அடிக்கடி எரிவதற்கும் காரணம் உண்டு. மூன்று முனையில் ஒன்று போனபிறகும் ஓடினால் காயில் சூடாகி எரியும். அதைத் தடுக்கத்தான் பேனல் போர்டில் ஒருமுனைத் தடுப்புக் கருவி இருக்கிறது. அது அடிக்கடி மோட்டாரை நிறுத்துகிறதென்று வயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் காயில் போகிறது. தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகும் வெறுமனே ஓடுவது இன்னொரு காரணம். காயில் கட்டி வந்த மோட்டார் இரண்டு மாதத்துக்குள் மறுபடி எரிந்தால், பேனல் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காயில் கட்டிய கடையின் பில்லும், மோட்டாரின் குதிரைத்திறனும் வரிசை எண்ணும், தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

தொட்டியை மாதம் இரண்டு முறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவி, தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும் என்பது நடைமுறை. எழுதிய பெயிண்ட் புதிதாக இருந்தால் போதாது. கழுவிய அன்று காலை தண்ணீர் தாமதமாக வந்திருக்கும், அதைக் கவனியுங்கள். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஒரு வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். அப்படியே தூவினால் கட்டி கட்டியாக அடியில் கிடக்கும். முதல் தெருவில் நெடி அடிக்கும், கடைசித் தெருவில் மருந்தே இருக்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதிக்கும் குளோரோஸ்கோப் ஊராட்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள். திறந்து வைத்த மூட்டையில் பவுடர் வீரியம் இழந்துவிடும். மழைக்காலத்தில் கடைசித் தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கும் இந்த மூட்டைக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்.

தெருவிளக்கு சுலபம். "விளக்கு எரியவில்லை" என்று சொல்லாதீர்கள். மின்கம்ப எண்ணைச் சொல்லுங்கள். பகலிலும் எரிவது இருட்டைவிட மோசமான அடையாளம், ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். 20 வாட் விளக்கு 100 இருந்தால், பகல் 12 மணி நேரம் வீணாக எரிவதில் நாளைக்கு 24 யூனிட் போகிறது. அந்தக் கட்டணம் ஊராட்சிப் பணம்தான்.

சாலை, வாய்க்கால் வேலை வந்தால் தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டில் நீளம், அகலம், கனம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு கனத்தை அளக்க முடியாது. பலகை அடிக்கும்போதே டேப்பை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய சிமெண்ட் சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டால் வீடுகள் பள்ளத்தில் போய்விடும், முதல் மழையிலேயே நடைக்குள் தண்ணீர். பெயர்க்கும் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கான்கிரீட் போட்டபின் பாத்தி கட்டி ஒரு வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். ஒப்பந்ததாரர் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார், தெருக்காரர்கள் ஊற்றிவிடுவது நல்லது. வாய்க்கால் என்றால் ஒரே கேள்வி: தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? பதில் இல்லாமல் ஊர் நடுவிலிருந்து கட்டத் தொடங்கினால், கட்டி முடித்த இடத்தில் ஒரு கொசுக்குட்டை பிறக்கும். போய்ச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கட்டிவர வேண்டும்.

கிராம சபைக்கு வருவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும். வர வேண்டியோர் எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கைதான் தில்லுமுல்லுக்கும் காரணம். ஆள் சேராவிட்டால் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கூட்டம் நடக்கும் இடத்துக்கு வெளியே, கூட்டத்துக்கு முன்னாலேயே நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தச் சின்ன மறுப்பு ஊரில் பத்துப் பேரிடம் இருந்தால் போதும்.

இன்னொரு பொதுவான தவறு, மனுவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது. மனு தீர்மானம் ஆகாது. "தெருவிளக்கு வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை. "கீழத்தெருவில் இன்ன எண்ணுள்ள மின்கம்பம் முதல் இன்ன எண் வரை 4 விளக்கு, ஊராட்சிப் பொது நிதியிலிருந்து" என்று எழுதினால் அது வேலை. இடம், அளவு, எந்த நிதி என்ற மூன்றும் இருக்கட்டும். இரண்டு படி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாசித்து முடித்ததும் தீர்மான எண்ணைக் கேளுங்கள். பக்கத்தில் காலி இடம் விட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், தீர்மான நகல் கேட்டு அங்கேயே எழுதிக் கொடுங்கள். சண்டை வேண்டாம். குரல் உயர்ந்த கிராம சபையில் எதுவும் தீர்மானமாவதில்லை. அதற்காகவே ஒருவரை அனுப்பிக் கூச்சல் போடச் சொல்வதும் நடக்கிறது.

கிராம சபையில் வரவு செலவைப் படிவம் 30 என்ற கணக்கு அறிக்கையாக வாசிக்க வேண்டும். வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவார்கள். குடிநீர்ப் பராமரிப்பு, தெருவிளக்குப் பராமரிப்பு, சுகாதாரம் என்ற மூன்று தலைப்பின் தொகையை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். மத்திய நிதிக்குழுப் பணத்தை இ-கிராம் சுவராஜ் தளத்தில் யாரும் பார்க்கலாம்; ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் திட்டமும் செலவுச் சீட்டும் வரும். மாநிலப் பணம் அதில் வராது. அதற்குத் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "எல்லாக் கணக்கையும் கொடு" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். "இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை மோட்டார் பழுதுக்கான பில் நகல்" என்று ஒரே பொருளைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

லஞ்சம் இருக்கிறதா என்று அறிய பெரிய விசாரணை வேண்டாம். புதுக் குழாய் இணைப்பு, வீட்டு வரி பெயர் மாற்றம், கட்டட அனுமதி என்ற மூன்றுக்கும் போனவர்களைக் கேளுங்கள். கொடுத்த தொகையும் ரசீதுத் தொகையும் ஒன்றா? வரியை இணையத்திலேயே கட்டி ரசீது எடுக்கலாம். ரசீது வராத பணம் ஊராட்சிக்கு வராத பணம்.

பெண் தலைவர் என்றால் ஊர் வேறு மாதிரி பேசும். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. "அவரு வீட்டுக்காரர்தான் தலைவர்" என்று நாமே சொல்லிச் சொல்லித்தான் அப்படி ஆகிறது. மனுவில் அவர் பெயரை எழுதுங்கள், கிராம சபையில் அவரைப் பார்த்துக் கேளுங்கள், கணவர் பதில் சொன்னால் "தலைவர் சொல்லட்டும், கேட்கிறோம்" என்று காத்திருங்கள். பணம் அனுப்பும் டிஜிட்டல் கையொப்பச் சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் உண்மை நிலவரம் புரிந்துவிடும். அது அவரிடம் இல்லையென்றால், நாளைக்கு வழக்கு வந்தால் கம்பி எண்ணப் போவது அவர்தான். உறவுக்காரப் பெண்கள் அவரிடம் இதைச் சொல்லி வைப்பது பெரிய உதவி.

பட்டியலினத் தலைவருக்கு இருக்கும் இடர் இன்னும் கடுமை. 1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பத்து ஆண்டு முறையான தேர்தல் நடக்கவிடாமல் வைத்திருந்து 2006-இல்தான் நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் வந்து நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில் "தலைவர் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்வதற்கு முன், அவரைச் செய்ய விட்டார்களா என்று கேட்க வேண்டும். அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறதா, சுதந்திர தினத்தில் கொடியேற்றுவது யார், தீர்மானப் புத்தகம் அவர் கைக்கு வருகிறதா? இல்லையென்றால் கேட்க வேண்டியது மற்ற தெருக்காரர்கள். பாதிக்கப்பட்டவரே எழுந்து கேட்கட்டும் என்று விடுவது நமக்கு அழகில்லை.

கால அட்டவணை ஒன்றும் மனதில் இருக்கட்டும். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையையொட்டித் தயாராகும். அதில் சேராத வேலை அடுத்த ஏப்ரலிலும் வராது. ஜனவரியில் பதவியேற்றவரிடம் மார்ச்சில் சாலை எங்கே என்றால் அவரால் முடியாது. ஆனால் வால்வு, விளக்கு, தொட்டி கழுவல், ரசீது, பதிவேடு ஆகியவற்றுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். இதில் தவறுகிறவர் பெரியதைச் சாதிப்பார் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை.

சாதித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையில் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், ஊராட்சியே சேர்த்த பணமும் வங்கிக் கடனுமாக 350 கிலோவாட் காற்றாலை அமைத்தார்கள். மின் கட்டணம் கழுத்தை நெரித்ததுதான் தொடக்கம். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ரா. இளங்கோ தலைவராக இருந்தபோது, செலவைக் குறைக்க அக்கம்பக்கத்துக் கழிவுக் கல்லை வாய்க்காலுக்குப் பயன்படுத்தியது விதிமீறல் என்று பதவியே தற்காலிகமாகப் பறிபோனது. கணக்கை ஊர் முன் திறந்து வைத்திருந்ததால் கிராம சபை அவர் பின்னால் நின்றது; பதவி திரும்பியது. நல்ல தலைவருக்கும் ஒரு நாள் கிராம சபை தேவைப்படும். அன்று ஐம்பது பேர் வர வேண்டுமானால், அதற்கு முன் பல கூட்டங்களுக்கு அவர்கள் வந்து பழகியிருக்க வேண்டும்.

பதவியேற்ற வாரம் கடைசித் தெருவில் குடம் நிரம்ப ஆன நேரத்தை எழுதிவைத்த நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஓராண்டு கழித்து அதே குழாயில், அதே முறைத் தண்ணீரில், அதே குடத்தை வைத்துப் பாருங்கள். அந்த நோட்டோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள், தலைவரையும் அந்தத் தெருவுக்குக் கூட்டி வந்து குழாயடியில் நிற்க வையுங்கள்.